தாசில்தாருக்கு இடமாற்றம்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தாசில்தார் இன்று வேலியை உடைத்துவிட்டார். இந்தக் கோடையில் இது இரண்டாவது தடவை. பக்கத்து வீட்டு கிரஹாமின் டேலியாச் செடிகளுக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு, முன்னால் போக முடியாமலும் பின்னால் வர மனமில்லாமலும் நின்றிருக்கிறார். நான் வேலை முடிந்து வரும்போது கிரஹாம் வாசலில் காத்திருந்தார். பரவாயில்லை, பரவாயில்லை, பரவாயில்லை என்றார். இந்த ஊர்க்காரர் ஒருவர் மூன்று தடவை பரவாயில்லை என்றால் நன்றாகவே கோபம் வந்திருக்கிறது என்று அர்த்தம். இங்கிலாந்தில், இந்த ஸ்விண்டனில் பதினோரு வருஷம் இருந்ததில் இதையாவது கற்றுக்கொண்டேன்.

பின்னால் என்றைக்காவது நானே இதைப் படித்துக் குழம்பக் கூடாது என்பதற்காக எழுதிவைக்கிறேன். தாசில்தார் என்பது எங்கள் ஆமை. ஆப்பிரிக்காவின் சல்கேட்டா இனம், ஆண், எட்டு வயது, முப்பத்தெட்டு கிலோ. என் வீட்டுக்காரர் ஒரு கண்காட்சியில் வாங்கி வந்தபோது உள்ளங்கையில் அடங்கியது. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மேல் வளராது என்று விற்றவன் சத்தியம் செய்தானாம். பெயர் வைத்ததும் வீட்டுக்காரர்தான். நாலு தடவை கூப்பிட்டால் ஐந்தாவது தடவை தலையைத் திருப்புகிறது, சாப்பாட்டு நேரம் மட்டும் தவறுவதில்லை, இது தாசில்தாரேதான் என்றார்.

இவரை அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். தோட்டம் போதவில்லை. போன குளிர்காலம் முழுக்கச் சாப்பாட்டு அறையில் விளக்குச் சூட்டில் கிடந்தார், மூக்கு ஒழுகிக்கொண்டே. இன்னொரு குளிர்காலம் அப்படி வைப்பது பாவம்.

ஒரே சிக்கல் அத்தை. அத்தை என்றால் வீட்டுக்காரரின் அம்மா, அம்பாசமுத்திரத்தில் இளைய மகன் வீட்டில் இருக்கிறார். போன அக்டோபரில் வீட்டுக்காரர் இறந்து, தகனம் முடிந்த மறுநாள் போனில், “அந்த ஆமய மொதல்ல வெளிய தள்ளுட்டி கோமு. வீட்டுக்குள்ள நொழஞ்ச அன்னைக்கே வேண்டாம்னு சொன்னேம்லா” என்றார். அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறாமல் அதே பேச்சு. இப்போது அனுப்பினால், ஆமையால்தான் அவர் போனார் என்று நானும் ஒத்துக்கொண்டதாகிவிடும். அதனால்தான் இத்தனை நாள் வைத்திருந்தேன். கேட்கிறவர்களிடம் பிரியம் என்று சொல்கிறேன். பிரியமும் உண்டுதான், ஆனால் வீம்பு அதைவிடக் கூடுதல்.

அத்தை செப்டம்பரில் வருகிறார், வருஷத் திதிக்கு. போன வருஷம் விசா கிடைக்காமல் எல்லாவற்றையும் வீடியோவில் பார்த்தார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். புது இடம் தேடுவதற்கு முன் உடம்பு சரியாக இருக்கிறதா என்று ஒரு சான்று வேண்டுமாம். மருத்துவர் சின்னப் பெண், அயர்லாந்துக்காரி. ஓட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் என்ன சாப்பிட்டது என்றாள்.

சொன்னேன். வெள்ளிக்கிழமை அவித்த பருப்பும் கீரையும். ஞாயிறு தோசை. மற்ற நாளில் வெள்ளரிக்காய், தக்காளி, வாழைப்பழம், கொஞ்சம் தயிர்ச்சோறு. அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

இந்த இனத்துக்குப் புல்லும் வைக்கோலும்தான் சாப்பாடாம். பருப்பெல்லாம் விஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. ஓட்டில் மேடு மேடாகப் புடைத்திருப்பது அளவுக்கு மீறிய சாப்பாட்டாலும் வறண்ட சூட்டாலும் வந்த ஊனம் என்றாள். அந்த மேடுகளை வீட்டுக்காரர் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். “பாத்தியளா, ஒவ்வொண்ணும் கோபுரம்” என்பார். ஒவ்வொரு வருஷமும் எடை பார்த்துத் தம்பிக்குப் படம் அனுப்புவார். எங்கள் பக்கத்தில் வளர்ப்பது என்றாலே எடை ஏற்றுவதுதான். பிள்ளையானாலும் ஆடானாலும் அப்படித்தான். ஆமைக்கு மட்டும் வேறு கணக்கு என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்.

முறையாக வளர்த்திருந்தால் இந்த வயதுக்கு இருபது கிலோகூட வந்திருக்காது என்றாள் மருத்துவர். இருபது கிலோ என்றால் ஓர் அரிசி மூட்டை. அதை யாரும் தூக்கிவிடலாம். நான் ஓட்டுக்கு எண்ணெய் தேய்க்கலாமா என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

காலையில் காரில் ஏற்ற கிரஹாம் உதவிக்கு வந்தார். நான் பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டிருக்கும்போதே குனிந்து தனியாகத் தூக்கப் போனார். நான் கத்திவிட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். இல்லை, என் தப்புதான், எனக்கே தோன்றியிருக்க வேண்டும் என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆகஸ்ட் 27, புதன்

விளம்பரம் போட்டாயிற்று. இரண்டு காப்பகங்களில் இடமில்லை. எல்லோரும் உள்ளங்கை அளவில் வாங்கி, மேஜை அளவில் கொண்டுவந்து விடுகிறார்களாம். பர்மிங்ஹாமிலிருந்து ஒருவர், பையனின் பிறந்தநாளுக்கு எடுத்துக்கொள்கிறேன், பெட்டியில் போட்டு ரிப்பன் கட்டித் தர முடியுமா என்று கேட்டார். எந்தப் பெட்டியில் என்று கேட்டேன்.

துணி காயவில்லை. இரண்டு நாளாக மழை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ரெடிங்கில் தோசைக்கடை வைத்திருக்கும் குருமூர்த்தி என்பவர் பார்க்க வந்தார், மனைவியோடு. தமிழ்க் குடும்பம் வருகிறதே என்று வடையும் காபியும் போட்டேன். பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் செய்வதைப் போல நானே தாசில்தாரின் ஓட்டைத் துடைத்துவிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

“கடை வாசல்ல ஒரு கண்ணாடித் தொட்டில, வடக்கப் பாத்து வச்சா நல்லா ஓடும்னு ஒருத்தர் சொன்னாருங்க மேடம்” என்றார்.

“நம்ம பக்கம் ஆமை ஆகாதும்பாங்களே.”

“அது வீட்டுக்குங்க. கடைக்கு யோகம்.” வடையைப் பிய்த்துக்கொண்டே தாசில்தாரைச் சுற்றி வந்தார். “இதுக்கு மேல வளருமா?”

“இன்னும் ரெண்டு மடங்கு வளரும். தொட்டியில எல்லாம் நிக்காது. கண்ணாடிய ஒடச்சிரும்.”

மனைவி அவரைப் பார்த்தார். அவர் வடையைப் பார்த்தார். “அப்ப பித்தளைல ஒண்ணு வாங்கிக்கிறேங்க” என்றார். கிளம்பும்போது அந்த அம்மா மெதுவாக, “ஆமை வந்ததுலேருந்து உங்களுக்கு எல்லாம் நல்லபடியா இருக்குதாங்க?” என்று கேட்டார்.

“நல்லா இருக்கோம்” என்றேன்.

செப்டம்பர் 3, புதன்

லிங்கன்ஷயரில் இடம் கிடைத்துவிட்டது. ரூத் என்ற பெண்மணி நடத்தும் காப்பகம். பழைய தக்காளிப் பண்ணையின் கண்ணாடிக் கூடங்களில் இதே இனத்தில் ஏற்கெனவே நாலு வைத்திருக்கிறார், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடைப்பு. அக்டோபர் 4க்குள் கொண்டுவர வேண்டும், அதற்கப்புறம் குளிர் வந்துவிடும், அந்த இடத்தை அடுத்ததற்குக் கொடுத்துவிடுவேன் என்றார்.

சந்தோஷப்பட வேண்டும். பட்டேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 6, சனி

ஒரு வழி தோன்றியிருக்கிறது. தாசில்தாரை அனுப்பிவிட்டு இன்னொரு ஆமை வாங்குவது. இந்தத் தோட்டத்துக்கும் இந்தக் குளிருக்கும் பொருந்துகிற சின்ன இனமாக. அப்படிச் செய்தால், தோட்டம் போதாமல் ஓர் ஆமையை மாற்றினேன் என்றாகும். ஆமைக்குப் பயந்து துரத்தினேன் என்று அத்தையோ அம்பாசமுத்திரத்தில் வேறு யாருமோ வாய் திறக்க முடியாது.

நாள் முழுக்க இதே வேலை. சிறுத்தை ஆமை அழகு, ஆனால் அதற்கும் குளிர் ஆகாது. ரஷ்ய ஆமை எந்நேரமும் மண்ணைத் தோண்டுமாம். வேலி விஷயத்தில் கிரஹாமுக்கு நான் ஏற்கெனவே கடன்பட்டிருக்கிறேன். ஹெர்மன் ஆமை தெற்கு ஐரோப்பாக்காரர். சாந்தம். குளிர்காலத்தில் தூங்கிவிடும். ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துக் கிராமம் ஒன்றில் டெரக் என்பவர் வளர்த்து, முறையான சான்றிதழோடு விற்கிறார்.

போன் செய்தேன். முழு வளர்ச்சியில் எத்தனை கிலோ என்று கேட்டேன். இரண்டு, மிஞ்சினால் மூன்று என்றார். மூன்றுக்கு மேல் போகாதே என்று மறுபடி கேட்டேன். போகாது. எல்லோரும் முதலில் என்ன சாப்பிடும் என்றுதான் கேட்பார்கள், நீங்கள் ஒருத்திதான் எடையைக் கேட்கிறீர்கள் என்றார் டெரக். காரில் கொண்டுபோக வேண்டுமே என்றேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

அத்தை வந்துவிட்டார். திருவனந்தபுரத்திலிருந்து துபாய் வழியாக. விமான நிலையத்தில் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். கார் கிளம்பியதும் முதல் கேள்வி, “அது இன்னும் இருக்கா?”

“இருக்கு அத்த. அடுத்த மாசம் அனுப்பிருவேன்.”

“இப்பமாவது புத்தி வந்துச்சே.”

இதைத்தான் எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தாலும் எரிச்சல் வராமல் இல்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 13, சனி

அத்தை சமையலறைச் சன்னல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டே தோசை வார்க்கிறார். திரும்பினால் தோட்டமும் தாசில்தாரும் கண்ணில் படும்.

மத்தியானம், “எந்த எடத்துலட்டி அவன் உசுரு போச்சு?” என்று கேட்டார்.

பின்வாசலைத் திறந்து புல்வெளியைக் காட்டினேன். “அங்கன.”

“நாற்காலி போட்டு உக்காந்திருந்தானா?”

“தோட்டத்துல இருந்தாரு அத்த.”

அத்தை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அந்நேரம் தாசில்தார் நடுவில் குறுக்கே போனார். அத்தை கதவைச் சாத்திவிட்டார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வேலையில் ஆள் குறைவு. மருந்தகத்தில் ஒரே கூட்டம். அத்தை சாம்பார் வைத்திருந்தார். பாத்திரங்களை வேறு இடத்தில் மாற்றி அடுக்கியிருக்கிறார். கரண்டியைத் தேடித் தேடிக் கடைசியில் கையாலேயே சோறு எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 20, சனி

டெரக் வீட்டுக்குப் போனோம். தாசில்தாரோடு தனியாக இருக்க மாட்டேன் என்று அத்தையும் கூடவே வந்தார். வழியில்தான் எதற்குப் போகிறோம் என்று சொன்னேன்.

“ஒண்ணப் போக்கிட்டு இன்னொண்ணா? ஒனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?”

“ஆமை எல்லாம் ஒண்ணும் செய்யாது அத்த.”

“அதக் காட்டத்தான் வாங்குதியாக்கும்.”

நான் நினைத்ததைவிட அத்தைக்கு என்னைத் தெரிகிறது.

டெரக் ஒரு நாலு வயசுக் குட்டியை என் கையில் வைத்தார். மஞ்சளும் கறுப்புமான ஓடு, வழுவழுப்பு, ஒரு மேடு இல்லை. கையை உயர்த்தினால் பாரமே தெரியவில்லை. அவர் சொல்வதை அத்தைக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். வேலியோரக் களைகள்தான் சாப்பாடு. குளிர்காலத்தில் ஒரு டப்பாவில் மண்ணைப் போட்டு, அதற்குள் படுக்கவைத்து, ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும்.

“எதுல?”

“ஃப்ரிட்ஜ்ல அத்த. தூங்குறதுக்கு.”

“மாவு வைக்கிற ஃப்ரிட்ஜ்லயா?”

தனி ஃப்ரிட்ஜ் என்று சொன்னேன். அத்தை டெரக்கை ஏற இறங்கப் பார்த்தார். இவர்களிடமிருந்தா நாம் ஆங்கிலம் கற்றுக்கொண்டோம் என்ற பார்வை. பிறகு, “இது எத்தன வருசம் இருக்கும்னு கேளு” என்றார். எழுபது, எண்பது. “அப்ப ஒனக்குப் பொறவு யாரு பாப்பா?”

எனக்கு நாற்பத்து மூன்று வயது. பிள்ளைகள் இல்லை. அந்தக் கேள்வியை நான் டெரக்குக்கு மொழிபெயர்க்கவில்லை. குட்டியை எனக்கென்று நிறுத்திவைக்கச் சொன்னேன். அக்டோபர் நாலாம் தேதிவரை வைத்திருப்பார்.

செப்டம்பர் 24, புதன்

வருஷத் திதி. விடுப்பு எடுத்தேன். அத்தை காலையிலேயே தலைக்குக் குளித்துச் சமையலைத் தொடங்கிவிட்டார். வாழைக்காய் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, பருப்பு, வடை, பாயசம். கொழுந்தனார் போனில் வந்து, ஐயர் சொல்லச் சொல்ல அம்பாசமுத்திரத்தில் எள்ளும் தண்ணீரும் விட்டார். இங்கே நாங்கள் படத்துக்குப் படைத்துவிட்டு, காக்காய்க்கு இலை போட்டுத் தோட்டத்துக் கல்லில் வைத்தோம். குஜராத்திக் கடையில் வாங்கிய உறைந்த வாழையிலை. பிரித்தாலே கிழிகிறது.

காக்காய் எடுத்தால்தான் அத்தை சாப்பிடுவார். கா, கா என்று கூப்பிட்டார். வேலிக்கு மேல் கிரஹாமின் தலை தெரிந்தது, உடனே மறைந்தது. ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை வந்து கூரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அத்தை மறுபடியும் கூப்பிட்டார். குரல் கம்மிவிட்டது. “இங்க காக்காயே கெடையாதாட்டி?”

“இருக்கும் அத்த. உள்ள போயிருவோம். ஆளு இருந்தா வராது.”

உள்ளே போய்ச் சன்னல் வழியாகப் பார்த்தபோது தாசில்தார் கல்லின் மேல் கழுத்தை நீட்டிப் பருப்புச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மருத்துவர் சொன்னது நினைவுக்கு வந்து இலையை எடுக்க ஓடினேன். அத்தை பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்தார்.

“விடு.”

“அதுக்கு ஒத்துக்காது அத்த.”

“விடுட்டி. எம் புள்ள பாண்டிக்குப் பருப்புன்னா உசுரு.”

ஈரப்புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தாசில்தார் பருப்பை முடித்து, பாயசத்தை நக்கி, இலையையும் கிழித்துத் தின்றார். அத்தை கண்ணீர் வழிய, சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் உள்ளே வந்து வயிறாரச் சாப்பிட்டார். இங்கே வந்ததிலிருந்து அவர் இப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

“இது எங்கயும் போவாது” என்று அத்தை காலையில் காபி கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்.

“அத்த, நீங்கதான ஒரு வருசமா அனுப்பு அனுப்புன்னீங்க.”

“நேத்து சாப்பிட்டது யாருன்னு நெனைக்கே? நீயும் பாத்தேல்லா?”

தோட்டத்தைச் சொன்னேன், குளிரைச் சொன்னேன், மூக்கொழுகலைச் சொன்னேன். ஸ்வெட்டர் போடலாமே என்கிறார்.

என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது. அதைச் சொன்னால், இந்த நிமிஷமே அனுப்பு என்று அத்தையே வாசலைத் திறந்துவிடுவார். கிரஹாமுக்குத் தெரியும், ஆம்புலன்ஸில் வந்தவர்களுக்குத் தெரியும். அத்தைக்குச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவர் போனில் சொன்னதெல்லாம் சரியாகிப்போகும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

தாசில்தாருக்கு வயிற்றுப்போக்கு. சாப்பாட்டு அறைத் தரையெல்லாம் கழுவினேன். நான் வேலைக்குப் போனதும் அத்தை தினமும் பருப்பும் தோசையும் போட்டிருக்கிறார். சாயங்காலம் அது பின்வாசலில் வந்து நிற்கிறதாம், வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு. ஒரு வருஷமாக நானும்தான் பார்க்கிறேன். எழுதவில்லை, அவ்வளவுதான்.

“அவன் இதப் போட்டுத்தான இவ்வளவு பெருசா வளத்தான்?” என்றார் அத்தை.

“வளத்ததுதான் தப்பாப் போச்சு” என்றேன். குரல் எனக்கே கொடூரமாகக் கேட்டது. அத்தை ஏன் என்று கேட்பதற்குள் நான் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

மருத்துவரிடம் போனில் பேசினேன். புல் மட்டும் கொடுங்கள், சூட்டில் வையுங்கள், சீக்கிரம் நல்ல இடத்துக்கு அனுப்புங்கள் என்றாள்.

செப்டம்பர் 29, திங்கள்

சனிக்கிழமை லிங்கன்ஷயர் போகிறோம் என்று சொல்லிவிட்டேன். அத்தை என்னோடு பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு மூடி வைத்திருந்தார்.

அக்டோபர் 1, புதன்

மத்தியானமே வேலையிலிருந்து வந்துவிட்டேன். நல்ல மழை. கோட்டைக்கூடக் கழற்றவில்லை, சன்னல் வழியாகப் பார்த்தால் அத்தை புல்லில் நிற்கிறார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து, இரண்டு கையையும் தாசில்தாருக்கு அடியில் கொடுத்திருக்கிறார். கிட்டத்தட்ட அதே இடம்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. “கைய எடுங்க அத்த. எடுங்க. தூக்காதீங்க.” தெருவுக்கே கேட்டிருக்கும்.

“மழைல நனையுதுட்டி. குளுராதா அதுக்கு?”

“பலகை போட்டா அதுவே உள்ள வந்துரும். யாரும் தூக்கக் கூடாது.”

“பாண்டி தூக்கிட்டுத்தான வருவான். வீடியோல பாத்திருக்கேம்லா. தெனமும் சாயங்காலம் தூக்கிட்டு வருவான்.”

அத்தை குனிந்தபடியே என் முகத்தைப் பார்த்தார். மழை இரண்டு பேர் தலையிலும் கொட்டிக்கொண்டிருந்தது.

“அன்னைக்கும் தூக்குனானா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

“ஆமா அத்த.”

அத்தை கையை எடுக்கவில்லை. ஓட்டின் விளிம்பைப் பிடித்தபடியே இருந்தார். நான் திட்டை எதிர்பார்த்தேன், மார்பில் அடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அத்தை கேட்டது வேறு.

“கீழ போட்டுட்டானா?”

“இல்ல. பையத்தான் வச்சாரு. புல்லுல வச்சிட்டு, நிமுந்து, இடுப்புல கைய வச்சாரு. அதுக்குப் பொறவுதான் விழுந்தாரு.”

“நீ பாத்தியா?”

“சன்னலுக்குள்ள இருந்து பாத்தேன்.”

அத்தை மெதுவாக நிமிர்ந்தார். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். முந்தானையும் நனைந்துதான் இருந்தது.

“இத ஏம்ட்டி எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா நீங்க சொன்னது சரின்னு ஆயிரும். ஆமை வந்ததாலதான்னு.”

“கிறுக்கச்சி. நான் ராசியச் சொன்னேன். இது பாரம்லா. பாரத்தத் தூக்குனா மூச்சு நிக்கத்தான் செய்யும். எங்க அப்பாவுக்கு நெல்லு மூட்டை.”

ஒரு வருஷமாக நான் காவல் காத்தது இதைத்தானா என்று இருந்தது. அழுகை வந்தது. நின்றபடியே அழுதேன். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பலகை எங்கே இருக்கிறது என்று கேட்டார். எடுத்து வந்து சாய்த்து வைத்தேன். தாசில்தார் யோசித்து யோசித்து ஏறினார். இரண்டு பேரும் மழையில் நின்று அவர் ஏறி முடிக்கும்வரை பார்த்தோம்.

அக்டோபர் 4, சனி

கிரஹாமும் அவர் மகளும் உதவ, பலகையில் ஏற்றிக் காரின் பின்பகுதியில் வைத்தோம். கிரஹாம் ஓட்டில் இரண்டு தட்டு தட்டி, என் டேலியாக்கள் உன்னை மறக்காது என்றார். அத்தைக்கு மொழிபெயர்த்தேன். சிரித்தார்.

லிங்கன்ஷயர் வரைக்கும் பின்னால் சரசரவென்று சத்தம். அத்தை அவ்வப்போது திரும்பி, “வந்துட்டோம், வந்துட்டோம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக் கூடத்துக்குள் நுழைந்ததும் எங்கள் ஊர்ச் சூடு முகத்தில் அடித்தது. தரையெல்லாம் வைக்கோல். ரூத்துக்கு அறுபது வயது இருக்கும், ஒல்லியான உடம்பு, ரப்பர் பூட்ஸ். தாசில்தாரை இறக்கிவிட்டதும் எங்களை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் வைக்கோலுக்கு நடந்தார். பின்னால் நின்று, தாசில்தார் என்று நாலு தடவை கூப்பிட்டேன். ஐந்தாவதாகக் கூப்பிடத் தைரியம் வரவில்லை.

அத்தை ரூத்தின் கையைப் பிடித்து நிறுத்தினார். “கோமு, இவங்ககிட்டச் சொல்லு. ஒத்தைக்கு யாரும் தூக்கக் கூடாது. அவங்களும் தூக்கக் கூடாது. அவசரம்னாலும் கூடாது.”

சொன்னேன். இங்கே தள்ளுவண்டி இருக்கிறது, யாரும் தூக்குவதில்லை என்றார் ரூத்.

“சத்தியமான்னு கேளு.”

அதையும் கேட்டேன். ரூத் அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, சத்தியமாக என்றார். அத்தை அந்த வண்டியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கிளம்பச் சம்மதித்தார்.

திரும்பும்போது பின்னால் சத்தமே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டையும் டெரக்கின் கிராமத்தையும் தாண்டி ஸ்விண்டன் சாலையில் வந்துகொண்டிருந்தபோது அத்தை கேட்டார்.

“அந்தச் சின்னதுக்குச் சொல்லி வச்சியே, அது என்னாச்சு?”

“இன்னைக்குத்தான் கடைசி நாள். வேண்டாம்னு போன் பண்ணணும் அத்த. அத நான் உங்களுக்குக் காட்டத்தான் வாங்க நெனச்சேன்.”

“தெரியும்.”

கொஞ்ச தூரம் போனோம். லாரி ஒன்று தாண்டிப் போனது.

“எனக்குக் காட்ட ஒண்ணும் வாங்க வேண்டாம்” என்றார் அத்தை. “நான் பதினஞ்சாந் தேதி பிளேன் ஏறிருவேன். ஒனக்கு வேணுமா, வேண்டாமா? அதச் சொல்லு.”

வீட்டுக்காரர் போனதிலிருந்து எல்லோரும் எனக்கு என்ன நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டை விற்றுவிடு, ஊருக்கு வந்துவிடு, ஆமையைத் தள்ளு. வேணுமா என்று யாரும் கேட்டதில்லை.

“வேணும் அத்த” என்றேன்.

“அப்ப வண்டியத் திருப்பு.”

அடுத்த ரவுண்டானாவில் திருப்பினேன்.